மரவேலைச் சங்கத்தில் சேர்ந்தால் சின்னத் தொழிலுக்கு என்ன கிடைக்கும்?

இங்கிலாந்தில் மரவேலைத் தொழில் தொடங்க உரிமம் எதுவும் வேண்டாம். தச்சு வேலையைச் சொல்லவில்லை; நிற்கும் மரத்தில் ஏறிக் கிளை வெட்டிப் பராமரிக்கும் வேலையைச் சொல்கிறேன். ஒரு செயின்சா, ஒரு வான், வானின் பக்கவாட்டில் 'ட்ரீ சர்ஜன்' என்று ஒரு ஸ்டிக்கர். இவ்வளவு இருந்தால் நாளைக் காலையே ஒருவர் வீடு வீடாகக் கதவு தட்டி வேலை கேட்கலாம். வீட்டில் கேஸ் அடுப்பைப் பொருத்துகிறவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருந்தே ஆகவேண்டும். பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கூரைக்கு நேர் மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஆள் கனத்தைவிடப் பல மடங்கு கனமுள்ள கிளையை அறுக்கிறவர் எந்தப் பதிவேட்டிலும் இருக்கவேண்டியதில்லை.

என் தம்பி அப்படி அறுக்கிறவன். லண்டனில் ஹரோ பக்கம் எங்கள் தொழில். அவனும் அவனோடு ஏறும் இன்னொருவரும் மேலே. கிளைகளை இழுத்து, அவற்றைச் சில்லாக அரைக்கும் சிப்பரில் தள்ள ஒரு பையன் கீழே. விலை எழுதுவது, கவுன்சிலுக்கு விண்ணப்பம் போடுவது, காப்புறுதி, கணக்கு எல்லாம் என் பொறுப்பு. தோட்ட வேலையில் தொடங்கி மரவேலைக்கு வர நினைக்கும் நம்மவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "அக்கா, சங்கத்தில சேந்தா வேலை வருமா?" என்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வேலை வராது. வீட்டுக்காரர்களிடமிருந்து வரும் வேலையைச் சொல்கிறேன். ஆனாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் வேறு.

இங்கே சங்கம் என்றால் பெரும்பாலும் ஆர்போரிகல்ச்சரல் அசோசியேஷன். 1964-இல் தொடங்கியது, க்ளொஸ்டர்ஷயரில் இருந்து இயங்குகிறது. அதற்குள் போக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, தனி ஆளாக உறுப்பினர் ஆவது. சந்தா கட்டினால் ஆயிற்று; படிப்பும் அனுபவமும் ஏற ஏற உறுப்பினர் தரமும் ஏறும். மற்றது, நிறுவனமாக 'ஆர்ப் அப்ரூவ்ட் கான்ட்ராக்டர்' ஆவது. இதற்குச் சந்தா மட்டும் போதாது. மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வருவார். அலுவலகத்தில் காகிதங்களைப் பார்ப்பார். பிறகு வேலை நடக்கும் இடத்துக்கே வந்து, ஏறுவது எப்படி, வெட்டு எப்படி, மேலே ஒருவருக்கு அடிபட்டால் இன்னொருவர் ஏறி அவரைக் கீழே கொண்டுவரத் தெரியுமா என்று செய்துகாட்டச் சொல்வார். ஒருமுறை தேறிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை, சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் வருவார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் 'சேர்ந்தால் லாபமா' என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வருகிறது.

முதலில் வாடிக்கையாளர் பக்கத்தைப் பார்ப்போம்.

போன வசந்தத்தில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் பின்வளவில் நிற்கும் லைம் மரத்தைக் காட்டக் கூப்பிட்டார். லைம் என்றதும் தேசிக்காய் என்று நினைக்காதீர்கள். லண்டன் தெருக்களில் நிரையாக நிற்கும், கார் மேல் பிசின் போல ஒழுகவிடும் அந்தப் பெரிய மரம். தம்பி அளந்து, ஏறுவழி பார்த்து, விலை சொன்னான். "தம்பி, மற்ற ஆள் அரைவாசிக் காசுக்குச் செய்து தாறன் எண்டு சொல்லுறார். நீங்கள் ஏன் இவ்வளவு கேக்கிறியள்?" என்றார். அந்த மற்ற ஆள் நாளைக்கே வெட்டித் தருவாராம். எங்களுக்கோ முதலில் கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். "கவுன்சிலிட்ட ஏன் கேக்க வேணும்? மரம் எங்கட வளவுக்குள்ளதானே நிக்குது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தத் தெரு பாதுகாப்புப் பகுதி, அதாவது கன்சர்வேஷன் ஏரியா. 1990-ஆம் ஆண்டின் நகரத் திட்டமிடல் சட்டப்படி அங்கே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரத்தைத் தொடும் முன் ஆறு வாரம் முன்கூட்டியே கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டும். மரத்துக்கே தனியாகப் பாதுகாப்பு ஆணை, அதாவது டி.பி.ஓ., இருந்தால் அறிவித்தால் மட்டும் போதாது; அனுமதி வாங்கவேண்டும், அதற்கு எட்டு வாரம் ஆகும். மீறினால் வெட்டியவர் மேலும் வழக்கு வரும், வெட்டச் சொன்ன வீட்டுக்காரர் மேலும் வரும். டி.பி.ஓ. மரத்தை அழித்தால் அபராதத்துக்கு மேல் வரம்பே கிடையாது. தம்பி இதைப் பொறுமையாக விளக்கினான். அன்ரி கேட்டுக்கொண்டார், யோசித்தார், கடைசியில் எங்களுக்கே வேலையைக் கொடுத்தார். ஆனால் எங்கள் காகிதத்தில் என்ன சின்னம் இருக்கிறது, எந்தச் சங்கத்தில் இருக்கிறோம் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவரை நம்பவைத்தது தம்பி பேசிய விதமும், அவருடைய தங்கை வீட்டு மரத்தை நாங்கள் முன்பே வெட்டியிருந்ததும்தான்.

பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். ஆங்கிலேய வீடுகளில் சிலர் கேட்பார்கள், அதுவும் கவுன்சில் இணையதளத்தில் படித்துவிட்டு. கவுன்சில் அதிகாரி ஒருவர் 'இந்த நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்' என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாது; பாரபட்சம் ஆகிவிடும். ஆகவே பல கவுன்சில்கள் சங்கத்தின் பட்டியலுக்கு வழி காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அந்தப் பட்டியலில் இருப்பது அப்ரூவ்ட் கான்ட்ராக்டர்கள் மட்டுமே. தனி ஆளாகச் சந்தா கட்டியவருக்கு அதில் இடமில்லை. எனவே வீட்டு வேலையை நம்பியிருக்கும் மூன்று பேர் தொழில், சின்னத்தைப் பார்த்து வாடிக்கையாளர் ஓடிவருவார்கள் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தால் கணக்கு உதைக்கும்.

அப்படியானால் எதற்குச் சேர்வது? இந்தத் தொழிலில் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அறிவும் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறியதை மூன்று பேர் மட்டும் உள்ள ஒரு நிறுவனம் தானாகத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பெரிய நிறுவனத்தில் இதற்கென்று சம்பளத்துக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சின்ன நிறுவனத்தில் அவருடைய இடத்தைச் சங்கம் ஓரளவு நிரப்புகிறது.

வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் அங்கே லேசான வீக்கமாக ஒரு வளையம் தெரியும். மேற்பக்கம் பட்டை மடிந்து ஒரு வரம்பு ஓடும். முன்பெல்லாம் கிளையைத் தண்டோடு ஒட்ட, வழவழவென்று தெரியும்படி வெட்டுவதுதான் நல்ல வேலை என்று நினைத்தார்கள். வெட்டின இடத்தில் கறுப்புப் பூச்சும் பூசுவார்கள். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வன ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை என்று காட்டினார். மரம் காயத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்புகிறது. பழுதான பகுதியை அப்படியே உள்ளே வைத்து அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. அந்தத் தடுப்பு வலுவாக இருப்பது அந்த வளையத்தில்தான். ஒட்ட வெட்டினால் வளையமே போய்விடும், அழுகல் தண்டுக்குள் இறங்கும். வளையத்துக்குச் சற்று வெளியே, அதைக் காயப்படுத்தாமல் வெட்டவேண்டும். பூச்சு தேவையில்லை.

மரவேலைக்கான பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 3998 முதலில் 1966-இல் வந்தது, 1989-இல் திருத்தப்பட்டது, 2010-இல் மறுபடியும். இடையில் அறிவு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தரநிலைப் புத்தகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும், விலையும் குறைவில்லை. வாங்கினாலும் தனியே உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்வது எளிதல்ல. சங்கத்தின் வகுப்புகளில் ஒரு நாள் உட்கார்ந்தால், அதை நாளாந்தம் கையாளும் ஒருவர் மரத்தடியில் நிறுத்திவைத்தே விளக்குவார். தம்பி அப்படி ஒரு வகுப்புக்குப் போய் வந்த பிறகு நாங்கள் விலை எழுதும் முறையே மாறியது. 'தலையை 30 சதவீதம் குறைத்தல்' என்று எழுதுவதை விட்டோம். முப்பது சதவீதம் என்றால் எதில் முப்பது? உயரத்திலா, அகலத்திலா, இலையிலா? 'உயரத்தை 15 மீட்டரிலிருந்து 13 மீட்டராக, பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர்' என்று எழுதினால் வீட்டுக்காரருக்கும் புரிகிறது, கவுன்சிலின் மர அதிகாரிக்கும் புரிகிறது. விண்ணப்பங்கள் கேள்வியோடு திரும்பி வருவது எங்களுக்கு அதன்பின் மிகவும் குறைந்துவிட்டது. திரும்பி வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் சில வாரத் தாமதம். சின்னத் தொழிலில் சில வாரம் என்பது ஒரு மாத வாடகை. சந்தாவை நான் இந்தக் கணக்கில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

ஊரில் முருங்கைக் கொப்பு வெட்டினால் வெட்டுவாயில் சாணம் அப்புவது வழக்கம். அதே நினைப்பில் இங்கும் நம்மவர் வீடுகளில் "ஏதாவது பூசிவிடுங்கோ" என்று கேட்பார்கள். ஏன் பூசவில்லை என்று காரணத்தோடு சொல்ல ஒருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர் ஒரு டப்பா பெயின்ட் வாங்கிப் பூசிவிட்டு அதற்கும் காசு வாங்கிக்கொண்டு போவார்.

அடுத்தது கயிறு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் சங்கத்தின் அருமை எனக்கு உறைத்தது இதில்தான். மரம் ஏறுகிறவர்கள் பல பத்தாண்டுகளாக ஒரு முதன்மைக் கயிற்றில் வேலை செய்தார்கள். வெட்டும்போது மட்டும் இடுப்பிலிருந்து ஒரு குறுங்கயிற்றைத் தண்டைச் சுற்றிப் போட்டுக்கொள்வார்கள். 2005-ஆம் ஆண்டின் உயர வேலை விதிகளோ, கயிற்றில் தொங்கி வேலை செய்பவருக்குத் தனித்தனியாகக் கட்டிய இரண்டு கயிறுகள் வேண்டும் என்கின்றன. இரண்டாவது கயிறு ஆபத்தைக் கூட்டும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே விலக்கு. கட்டடங்களில் தொங்குபவர்கள் இதன்படியே நடந்தார்கள், மரத்தில் தொங்குபவர்கள் பழைய வழக்கப்படி போய்க்கொண்டிருந்தார்கள். 2019-இல் சுகாதார, பாதுகாப்பு ஆணையமான எச்.எஸ்.இ. அழுத்திச் சொல்லிவிட்டது: மரத்துக்கும் இதே விதிதான்.

மரம் ஏறும் ஆட்கள் கொதித்துப்போனார்கள். இலை அடர்ந்த தலைக்குள் இரண்டு கயிறு என்றால் சிக்கும், வேகம் குறையும், ஏற்கெனவே கூட்டமான இடத்தில் இன்னொரு கயிறு செயின்சாவுக்கு முன் வந்து நிற்கும். அந்தக் கவலைகளில் உண்மை இருந்தது. ஆணையத்தின் பக்கமும் உண்மை இருந்தது: ஒரே கயிறு, அதைத் தவறுதலாக அறுத்துவிட்டால் அதோடு முடிந்தது. எங்களைப் போன்ற ஒரு நிறுவனம் ஆணையத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம், ஒரு பதில் கடிதம் வந்திருக்கும். சங்கம் ஆணையத்தோடு உட்கார்ந்து பேசியது. 2020-இல் தொழில் நடைமுறைத் தொகுப்பும், மரம் ஏறுதல், மேலிருந்து மீட்டல் பற்றிய தொழில்நுட்ப வழிகாட்டியும் புதிதாக வந்தன. இரண்டு கயிறு எப்போது, ஒரு கயிற்றில் வேலை செய்வதை எந்தச் சூழலில் நியாயப்படுத்தலாம், அந்த நியாயத்தை எப்படி எழுதிவைப்பது என்று ஏறுகிறவர்களின் மொழியில் எழுதப்பட்டவை.

அந்த வழிகாட்டி வந்த வாரம் தம்பி பின்வளவு ஆப்பிள் மரத்தில் இரண்டு கயிறோடு ஏறிப் பழகினான். முதலில் எரிச்சல்பட்டான். ஒன்றைத் தளர்த்தினால் மற்றது இழுக்கிறது, முடிச்சு இரண்டையும் ஒரே கையால் நகர்த்த வரவில்லை. சில மாதத்தில் கை பழகிவிட்டது. இப்போது கிளை நுனிக்கு நடந்துபோகும்போது இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருப்பது வசதி என்கிறான். அவன் என்ன சொன்னாலும் சரி, கீழே நின்று பார்க்கும் அக்காவான எனக்கு இரண்டு கயிறுதான் நிம்மதி.

நோய்களின் கதையும் இப்படித்தான். ஆஷ் மரத்தைக் காயவைக்கும் பூஞ்சை நோய் இந்த நாட்டில் 2012-இல் உறுதியானது. நோய் முற்றிய ஆஷ் கண்ணாடி போல் முறியும். அதில் ஆள் ஏறக்கூடாது, ஆளை மேலே உயர்த்தும் இயந்திர மேடை கொண்டுவந்துதான் வேலை செய்யவேண்டும். அந்த மேடைக்கு வாடகை, அதற்குப் பயிற்சி, வழி அகலம் போதாவிட்டால் வேறு திட்டம். இது தெரியாமல் பழைய விலை எழுதிக் கொடுத்தவர்கள், ஒன்று கைக்காசை இழந்தார்கள், அல்லது ஏறக்கூடாத மரத்தில் ஏறினார்கள். ஓக் மரத்தில் வரிசைகட்டி ஊரும் கம்பளிப்பூச்சி 2006-இல் லண்டனுக்கு வந்தது. அதன் மயிர் பட்டால் தடிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும், கூட்டில் அந்த மயிர் பல காலம் தங்கும். லண்டன் பக்கம் ஓக்கில் கை வைக்கும் முன் யாரைக் கேட்பது, வெட்டிய கொப்பை எங்கே கொண்டுபோகலாம் என்பதெல்லாம் தெரியவேண்டும். சங்கத்தின் இதழிலும் மின்னஞ்சலிலும் இவை வந்துகொண்டே இருக்கும்.

காப்புறுதிக்குச் சலுகை, உபகரணக் கடைகளில் தள்ளுபடி என்று சொல்வார்கள். எங்கள் காப்புறுதிக் கட்டணம் உறுப்பினர் ஆனதால் ஒரு பவுண்கூடக் குறையவில்லை. அதற்காகச் சேரவேண்டாம். வெஸ்டன்பர்ட் மரப்பூங்காவில் நடக்கும் சங்கத்தின் கண்காட்சியான ஆர்ப் ஷோவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஏறும் போட்டியைப் பார்க்கவே போகலாம்.

சரி, இரண்டாவது வாசல். நிறுவனமாக மதிப்பீட்டுக்குப் போவது எப்போது?

என் அபிப்பிராயம்: வீட்டு வேலை மட்டும் செய்யும்போது அவசரம் இல்லை. கவுன்சில், பாடசாலை, வீட்டுவசதி நிறுவனம், பெரிய கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று போக நினைக்கும்போது அந்த வாசல் தேவைப்படும். அந்த ஒப்பந்தக் காகிதங்களில் அப்ரூவ்ட் கான்ட்ராக்டரா, அதற்கு ஈடான தகுதி உண்டா என்று கேட்பது வழக்கம். சில இடங்களில் அதற்குப் பதிலாகவோ மேலதிகமாகவோ சாஸ் போன்ற பாதுகாப்புச் சான்றும் கேட்பார்கள், அதற்கும் தனிக் கட்டணம். எல்லாச் சான்றையும் ஒரே வருடத்தில் வாங்கப் போனால் சின்னத் தொழில் மூச்சுத் திணறும்.

ஆனால் ஒன்று. விண்ணப்பம் போடாவிட்டாலும், மதிப்பீட்டாளர் என்ன பார்ப்பார் என்ற பட்டியலை எடுத்து வைத்து அதன்படி அலுவலகத்தை ஒழுங்குபடுத்துங்கள். நான் அதைச் செய்தேன். ஆள் தொங்கும் ஹார்னஸ், கயிறு, காரபினர் கொக்கி எல்லாவற்றையும், தூக்கும் உபகரணங்களுக்கான லோலர் விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியான ஒருவர் பரிசோதித்து எழுதித் தரவேண்டும். பரிசோதனை எப்போதும் ஒழுங்காக நடந்துவந்தது. ஆனால் எந்தக் கயிறு எந்தப் பதிவுக்கு உரியது என்று தேட நேரம் எடுத்தது. இப்போது ஒவ்வொரு பொருளிலும் எண் பொறித்திருக்கிறது, பையைத் திறந்தால் எண்ணைப் பார்த்து உடனே சொல்லலாம். சம்பளத்துக்கு ஒருவரை வைத்தவுடன் முதலாளி காப்புறுதி சட்டப்படி கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுணுக்கு. அதோடு பொதுமக்கள் காப்புறுதி, பழைய பெயரில் சி.எஸ். 38, 39 என்று இன்னும் சொல்லப்படும் ஏறுதல், செயின்சா சான்றுகள், அந்தந்த வேலைக்கு எழுதிய ஆபத்து மதிப்பீடு. எல்லாம் ஒரே கோப்பில். விபத்து நடந்த பிறகு இவற்றைத் தேட முடியாது.

அமெரிக்காவில் ஐ.எஸ்.ஏ. என்ற சர்வதேச மரவேலை அமைப்பு நடத்தும் தேர்வு வேறு வகை. மூன்று ஆண்டு அனுபவமோ, தொடர்புடைய படிப்போடு சேர்ந்த அனுபவமோ இருக்கவேண்டும், 200 கேள்விகள், தேறிய பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 30 கல்விப் புள்ளிகள் காட்டவேண்டும், அல்லது மறுபடியும் தேர்வு எழுதவேண்டும். அந்தத் தகுதி ஆளுக்குச் சொந்தம், வேலை மாறினாலும் கூடவே போகும். சின்ன நிறுவனம் நடத்துபவர் இந்த வேறுபாட்டை யோசிக்கவேண்டும். மூன்று பேர் தொழிலில் ஒருவர் விலகினால் நிறுவனத்தின் தகுதியே ஆட்டம் காணலாம். ஆளுக்குள் போன படிப்பு எங்கும் போகாது. காசு ஒரு பக்கத்துக்குத்தான் போதும் என்றால், முதலில் ஆளுக்குச் செலவழியுங்கள்.

சங்கம் செய்யாத ஒன்றையும் சொல்லவேண்டும். கதவு தட்டி, பாதி விலைக்கு மரத்தின் தலையைக் கொய்துவிட்டுப் போகும் ஆட்களைச் சங்கத்தால் தடுக்க முடியாது. உறுப்பினர் அல்லாதவர் மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கும் வரை நல்ல வேலைக்காரரும் அப்படிக் கதவு தட்டுகிறவரும் ஒரே தெருவில்தான் விலை சொல்லவேண்டியிருக்கும். அந்த உரிமத்தைக் கேட்கவும் ஒரு கூட்டுக் குரல் வேண்டும். சந்தா கட்டுவதற்கு எனக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போதைக்கு தம்பி தனி உறுப்பினர். பையன் ஏறும் சான்றுகளை முடிக்கட்டும், இரண்டு பேர் மேலே இருக்கும்போது மூன்றாவது ஆள் மீட்கத் தயாராக இருக்கட்டும், பிறகு நிறுவனமாக விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறோம். நீங்கள் யோசிக்கிறீர்கள் என்றால், சந்தா கட்டுமுன் ஒரு வேலை செய்யுங்கள். அரசின் ஃபைண்ட் எ டெண்டர் தளத்தில் (2025 பிப்ரவரிக்கு முந்தியவை என்றால் கான்ட்ராக்ட்ஸ் ஃபைண்டர் தளத்தில்) உங்கள் பகுதிக் கவுன்சில் மரவேலைக்குக் கோரிய ஒப்பந்தங்களைத் தேடிப் படியுங்கள். அதில் எந்தத் தகுதியைக் கேட்டிருக்கிறார்கள், அந்த அளவு வேலையை உங்கள் வானும் சிப்பரும் தாங்குமா என்று பாருங்கள். எந்த வாசல் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.